முகத்தைத் தொடாத கைகள்

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்லும் ஐந்தாம் கபால நரம்பு நெற்றி, கன்னம், தாடை என மூன்று பகுதிகளுக்கும் பிரிந்து செல்வதால் முக்கிளை நரம்பு எனப்படுகிறது. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் கொடிய வலி இந்நரம்பில் எழுவதாகும். மின்சாரம் பாய்ந்தாற்போல் பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டி இழுக்கும் இவ்வலி, ஒவ்வொரு முறையும் சில நொடிகளிலிருந்து இரண்டு நிமிடங்கள் வரையே நீடிக்கும். எனினும் பல் துலக்குவதும், ஒரு வாய்ச் சோற்றை மெல்லுவதும், ஏன், மின்விசிறிக் காற்று படுவதும்கூட அதைத் தூண்டிவிடும் என்பதால், நோயாளி வலியற்ற வேளையிலும் அதன் வருகைக்கு அஞ்சியே வாழ்கிறார். பல்வலி என்று கருதி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் இரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்தி, மின்கம்பியின் மேலுறை போன்ற மயலின் உறையைச் சிதைப்பதே பலரிடம் காணப்படும் காரணம். 1960களில் பயன்பாட்டுக்கு வந்த கார்பமசெபைன் மாத்திரை இன்றும் முதல் மருந்தாக இருக்கிறது. அது பயனளிக்காதபோது குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

இவற்றுக்குத் துணையாகச் சிலர் நாடுவது உயிராற்றல் சிகிச்சை. மிக்காவோ உசுயி 1922இல் ஜப்பானில் தொடங்கிய ரெய்கியும், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியத்துறைப் பேராசிரியர் டோலரஸ் கிரீகரும் டோரா கூன்ஸும் உருவாக்கிய 'தெரப்யூட்டிக் டச்' முறையும், உடலைச் சூழ்ந்து ஓர் ஆற்றல் ஓடுகிறது, பயிற்சி பெற்ற கைகள் அதைச் சீராக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தவை. எமிலி ரோசா என்னும் பள்ளிச் சிறுமி எளிய சோதனை ஒன்றால் இந்நம்பிக்கையை ஆராய்ந்தாள்: தெரப்யூட்டிக் டச் பயின்ற 21 பேர் தடுப்புக்கு அப்பால் தம் கைகளை நீட்ட, அவளது கை எந்தக் கைக்கு அருகில் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறைகளில் 123 முறையே, அதாவது 44 விழுக்காடே, விடை சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் பாதியளவு சரியாகியிருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1998இல் இது வெளிவந்தது.

ஆயினும் சிகிச்சைக்குப் பின் வலி தணிந்தது என்று கூறும் நோயாளிகள் பொய் சொல்வதில்லை. இந்நோய் மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் தானாகவே ஓய்ந்து பின் திரும்பும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் புதிய வழியைத் தேடுவர் என்பதால், இயற்கையாக வரும் ஓய்வு அச்சமயத்தில் செய்த சிகிச்சையின் பயனாகத் தோன்றிவிடுகிறது. அமைதியான அறையில் ஒருவர் அரைமணி நேரம் முழுக்கவனத்துடன் அருகிருப்பது அச்சத்தைத் தணிக்கும் என்பதும் உண்மையே. மருத்துவமனையின் அவசரத்தில் கிட்டாத இந்த ஆறுதலை இகழ்வது அறமன்று. அதற்காக அதை நரம்பின் அழுத்தத்தை நீக்கும் மருந்தாகக் கொள்வதும் தகாது. தொடுகையே வலியைத் தூண்டும் நோயில், கையை உடலுக்குச் சற்று மேலே நிறுத்தும் முறைகள் மட்டும் ஒத்துவருகின்றன. முகத்தைத் தொட வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளரை மட்டும் தயங்காமல் விலக்க வேண்டும். கார்பமசெபைனைத் திடீரென நிறுத்தினால் வலி மீண்டும் பாய்வதோடு, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பும் வரக்கூடும்.