குழாயிரும்பின் துருவும் நீரகவாயுவும்

செந்துறை வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் குடியானவர் எவரும் இரும்புக் குழாயின் துருவை அறியாதவரல்லர். அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல் மிகுந்த பூமியாதலால், பல கிணறுகளின் நீரில் சுண்ணம் கலந்திருந்து குழாயின் உட்புறத்தில் வெண்ணிறக் காறையாகப் படிகின்றது. நீரின் வரவைக் குறைப்பதனால் அக்காறையை நாம் வைகிறோம்; ஆயினும் அஃது இரும்பிற்கு ஒரு போர்வையாயிருந்து துருவைத் தாமதப்படுத்துகின்றது. அதனை நீக்கச் சிலர் திராவகம் ஊற்றுவதால் நேர்வன யாவை என்பதைக் குடியானவர் அறிதல் நலம்.

1875ஆம் ஆண்டில் ஜான்ஸன் என்னும் ஆங்கிலேயர், திராவகத்தில் சில நிமிஷம் ஊறிய இரும்புக் கம்பி, முன்போல் வளையாமல் எளிதில் ஒடிவதையும், ஒடிந்த வாயை ஈரப்படுத்தினால் அதிலிருந்து நுரை கிளம்புவதையும் இலண்டன் இராஜாங்க சங்கத்தாருக்கு எடுத்துரைத்தார். சிறிது காலம் கழிந்தபின் கம்பி பழைய நிலைக்குத் திரும்பியது. அந்நுரை ஹைட்ரஜன் என்னும் நீரகவாயுவே.

திராவகமோ ஈரமோ இரும்பைத் தின்னும்போது நீரக அணுக்கள் அதன் மேற்பரப்பில் உண்டாகின்றன. அவற்றுட் பெரும்பாலன இரண்டிரண்டாய்க் கூடிக் குமிழியாய் வெளியேறும். தனித்து நின்ற சில, அணுக்களுள் மிகச் சிறியனவாதலின், இரும்பினுள்ளேயே புகுந்துவிடும். காற்றுப் புகாத சேற்று மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்கும். அவ்வாயு அணுக்கள் கூடுவதைத் தடுப்பதால், உட்புகுவன மிகுகின்றன.

உட்புகுந்த அணுக்கள் எங்கே தங்கும்? இழுப்பினால் விரிந்த இடத்தையே நாடும். வளைவு, நசுங்கல், பற்றவைத்த ஓரம், கீறலின் அடி ஆகியவை அத்தகைய இடங்கள். மேலும், இழுபட்ட இரும்பு மற்ற இடத்தைவிட விரைவிற் கரைகின்றது. அதன்மேல் படிந்த காப்புப் படலமும் பிளந்து போகின்றது. ஆகவே இழுப்பு, துரு, நீரகம் மூன்றும் ஒரே புள்ளியிற் கூடி, மயிரிழை போன்ற வெடிப்பை உண்டாக்கும். மென்மையான இரும்பு இதனை ஓரளவு தாங்கும். கடினமான உருக்கே எளிதில் ஒடியும். ஆதலால் கிணற்றுக் குழாயைவிட வில்லுருக்கு, உறுதிமிக்க மரையாணி, உருக்குக் கயிறு முதலியவற்றைத் திராவகத்திலிருந்து விலக்குக. திராவகம் சுண்ணக் காறையிற் படும்போது எழும் கரியமிலவாயு காற்றினும் கனமானது. கிணற்றடியில் தேங்கி மனிதரைக் கொல்லவல்லது. திராவகம் ஊற்றிய கிணற்றுள் எக்காரணத்தாலும் இறங்கலாகாது.

எண்ணெயும் எரிவாயுவும் செல்லும் பெருங்குழாய்களில் பிழை நேரின் இழப்பு பெரிது. 1965 மார்ச் 4ஆம் நாள் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் மாண்டனர். இழுப்பும் துருவும் சேர்ந்த வெடிப்பே காரணம். 2014 ஜூன் 27ஆம் நாள் ஆந்திரத்தின் நகரம் என்னும் சிற்றூரில் குழாய் வெடித்து 20க்கு மேற்பட்டோர் இறந்தனர், தென்னைகளும் கருகின. அங்கே வாயுவோடு கலந்த நீர் உட்புறத்தை அரித்தது. நமக்கருகில், தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில், 2017 ஜூன் 30ஆம் நாள் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது.

இத்தகைய குழாய்களுக்கு மேற்பூச்சும், துருவைத் தடுக்கும் மின்னோட்டமும் அமைக்கின்றனர். மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினாலோ, அதுவே நீரகத்தை உண்டாக்கும், பூச்சையும் பெயர்க்கும். பூச்சுப் பெயர்ந்த இடத்தில் மண்ணின் ஈரமும் கரியமிலவாயுவும் புகுந்து வேலை செய்யும். கரிசல் மண் மழையில் ஊதிக் கோடையில் பிளப்பதால், பூச்சை இழுத்துக் குழாயையும் அசைக்கும். செம்மண்ணில் இத்தொல்லை குறைவு.

குழாய் செல்லும் நிலத்தில் பயிரிடலாம். ஆயினும் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடம், குளம், கிணறு, மரம் ஆகியவை கூடா. முந்திரி, தென்னை வைக்க எண்ணுவோர் இதனைக் கவனிக்க. மண்வாரி இயந்திரத்தின் பல் பட்டால் பூச்சுக் கிழிந்து, இரும்பிலும் கீறல் விழும்; அக்கீறல் பல ஆண்டு கழித்தும் வெடிக்கலாம். அபராதத்திற்கு அஞ்சி மண்ணை மூடிவிடுவது பெருந்தவறு. பட்ட அன்றே, எல்லைக் கல்லிலோ பலகையிலோ குறித்துள்ள தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்க. தேங்கிய நீரில் ஓயாமல் குமிழி எழுந்தாலும், எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், பசும்பயிரின் நடுவே ஓரிடம் மட்டும் பட்டுப் போனாலும் அவ்வாறே செய்க. ஆனால் அவ்விடத்தை விட்டுத் தொலைவில் சென்ற பின்னரே பேசுக. பீடி நெருப்பும் அங்கே வேண்டா.