வீட்டு நாய் கடித்தாலும் விரைந்து வாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கிற்கு நாய் வளர்ப்பு புதியதன்று. செம்பழுப்பு நிறமும் கருமூஞ்சியும் கொண்ட கோம்பை நாய், நம் தேனி மாவட்டத்துக் கோம்பை என்னும் ஊராலேயே பெயர் பெற்றது. திராட்சைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் காவல் காக்கும் நாயை நாம் வீட்டில் ஒருவராகவே கருதுகிறோம். அந்த நெருக்கத்தினாலேயே, அதன் பல்லோ நகமோ பட்டால் பலர் பொருட்படுத்துவதில்லை.

ரேபீஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய், அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும். முன்னதாகச் சிகிச்சை பெற்றால் தடுத்துவிடலாம். நோயுற்ற நாய்கள் எல்லாம் பாய்ந்து கடிப்பதில்லை. சில நாய்கள் சோர்ந்து ஒதுங்கும், தாடை தொங்கும், எச்சில் வழியும், குரைப்பொலி மாறும். தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி அதன் வாய்க்குள் கையை விடாதீர்கள். நாயைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். குட்டிக்கு 3 மாத வயதில் முதல் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் கூறும் தவணைகளில் ஊக்கத் தடுப்பூசியும் போடுவது கட்டாயம்.

வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப்பட்டையும் வாரும் வேண்டும். நாய் இழுத்தால் எதிர்த்து இழுக்காமல் நின்றுவிடுங்கள். வார் தளர்ந்ததும் நடையைத் தொடருங்கள். இழுத்தால் முன்னே செல்ல இயலாது என்பதை அது படிப்படியாகக் கற்கும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். திடீர் இழுப்பில் விரல் முறியலாம், முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறியவும் கூடும். தெருநாய் எதிர்ப்பட்டால் வழி மாறிச் செல்லுங்கள். நாய்ச் சண்டையைக் கைகொண்டு விலக்காதீர்கள்.

கடியோ கீறலோ ஏற்பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பினும் மருத்துவரைக் கேளாமல் இருந்துவிட வேண்டாம். நாயை 10 நாட்கள் கவனிப்பது அவசியமே. ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

வயிற்றில் போடும் ஊசிக்கு அஞ்சி இன்றும் சிலர் தயங்குகின்றனர். அந்தப் பழைய தடுப்பு மருந்து 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் மேற்கையிலேயே போடப்படுகிறது. இரத்தம் கசிந்த காயமெனில், இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் இச்சிகிச்சையைப் பெறலாம்.

குழந்தைகள் அடிக்கு அஞ்சி நாய்க்கடியை மறைப்பதுண்டு. “நாய் பல்லோ நகமோ பட்டால் உடனே சொல், திட்டமாட்டோம்” என்று அவர்களிடம் இன்றே கூறிவையுங்கள்.