கிராங்க் தண்டும் பட்டறைத் தேர்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வருவோர் வியந்து நோக்கும் பொருள்களுள், எமது தெருக்களில் இன்றும் ஓடித்திரியும் பழைய ஆங்கிலேய மோட்டார் வண்டிகளையும் சேர்த்தல் வேண்டும். ஒஸ்ரின் ஏ-40, ஏ-55 கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலியன அவை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இன் பின்னரே அவ்விறுக்கம் தளர்ந்தது. தளர்ந்து சில ஆண்டுகளுள் போர் மூண்டது. ஆதலின், வேற்றிடங்களிற் பழைய இரும்பாய்ப் போன வண்டிகள் இங்கே வாடகைக்கும் மணவீட்டிற்கும் ஓடிக்கொண்டேயிருந்தன. அவற்றைப் பேணுவோர் எமது பழைய மாணவருள்ளும் உளர். எஞ்சினைக் கழற்றியபின் அவர்கள் மனத்தில் எழும் முதல் வினா, கிராங்கினை எப்பட்டறையில் ஒப்படைப்பது என்பதே. அவ்வினாவிற்கு விடை காண உதவும் சில செய்திகளை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கிராங்க் தண்டினைக் கலைச்சொல் வகுத்தோர் வணரித் தண்டு என்பர். பட்டறையில் அது கிராங்க் என்றே வழங்கும். சிலிண்டரினுள் ஏறியிறங்கும் பிஸ்ரனின் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது இதுவே. தையல் இயந்திரத்தின் மிதிபலகை ஏறியிறங்கச் சக்கரம் சுழல்வதைக் கண்டோர்க்கு இதன் தொழில் எளிதில் விளங்கும். தண்டின் நடு அச்சில் அமைந்த கழுத்துகளை எஞ்சினின் உடல் தாங்கும். அச்சினின்றும் விலகி நிற்கும் கழுத்துகளிற் பிஸ்ரன்களின் இணைப்புத் தண்டுகள் பூட்டப்படும். 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள மொறிஸ் மைனர் எஞ்சினில் நடுக்கழுத்துகள் மூன்று. விலகிய கழுத்துகள் நான்கு. நடுக்கழுத்தின் விட்டம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம்.

கழுத்திற்கும் அதனைத் தழுவி நிற்கும் பெயாரிங் ஓட்டிற்கும் இடையே, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்களவு இடைவெளியே உண்டு. அவ்விடைவெளியில் அழுத்தத்துடன் பாயும் ஒயிற் படலமே உலோகம் உலோகத்தைத் தீண்டாமற் காக்கின்றது. படலம் மெலியுமாயின் முதலில் ஓடு தேயும். பின்னர்க் கழுத்தும் கீறுண்டு, வட்டங் குன்றி, முட்டை வடிவினதாகும். ஒயில் அழுத்தம் வீழும். எஞ்சினின் அடியிலிருந்து தட்டொலி எழும்.

இக்கேடு குடாநாட்டில் மிகுந்தமைக்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள் வரவு தடைப்பட்டது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. எமது மெக்கானிக்குகள் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடச்செய்தனர். அவ்வுபாயம் இல்லாதிருப்பின் நோயாளர் பலர் வைத்தியசாலையை அடைந்திரார். ஆயின் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, ஒயிலிற் கலந்து அதனை நீர்க்கச்செய்யும். அன்றியும், மண்ணெண்ணெய் சிலிண்டரினுள் வெடித்துத் தட்டி எரியும் இயல்பினது. அத்தட்டு முழுவதையும் தாங்குவன கழுத்தும் ஓடுமே. இங்கிலாந்தில் 1949 இல் இத்தகைய எரிபொருளுக்கென ஒரு பேர்குசன் உழவு இயந்திரம் வெளிவந்தது. அதுவும் பெற்றோலிற் கிளம்பிச் சூடேறியபின் மாறுவதே. எனினும் அதன் எஞ்சின் அவ்வெண்ணெய்க்கு ஏற்பக் குறைந்த அமுக்கத்துடன் ஆக்கப்பட்டது. எமது கார்கள் அவ்வாறு ஆக்கப்பட்டனவல்ல.

கிராங்குகள் மிகுதியாய்த் தேய்ந்த அக்காலத்திலேயே மின்சாரமும் அற்றது. கொழும்புப் பட்டறைகளோ ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தன. ஏ-9 பாதை 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இன் பின்னரே மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆகவே, இன்று எமது கைக்கு வரும் பழைய எஞ்சின்களின் கிராங்க் முன்னரே பலமுறை பட்டறை கண்டதாயிருத்தல் கூடும்.

இனிப் பட்டறையைத் தெரியும் முறையைக் கூறுவாம். கடைதல் வேறு, சாணை பிடித்தல் வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். சாதாரண லேத்தில் நடு அச்சிலுள்ளவற்றைக் கடையலாம். விலகிய கழுத்தோ தண்டு சுழலுங்கால் தானும் வட்டமிட்டுச் சுழல்வது. மைனரில் அவ்விலகல் ஒன்றரை அங்குலம். தண்டினை அவ்வளவிற்கு விலக்கிப் பற்றி, கழுத்தையே சுழற்சியின் மையமாக்கி, சாணைக்கல்லினால் தேய்க்கும் தனியியந்திரம் இதற்கு வேண்டும். லேத்தில் வைத்து அரத்தாள் பிடித்துத் தருவோம் என்பாரிடம் கிராங்கினை ஒப்படைத்தல் தகாது.

இயந்திரம் இருப்பினும் அளவே முதன்மை. நல்ல தொழிலாளி வேலையை ஏற்குமுன் மைக்குரோமீற்றரால் ஒவ்வொரு கழுத்தையும் ஈரிடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதுவார். தண்டு வளைந்துள்ளதா என்பதைத் தாங்கிகளில் வைத்துச் சுழற்றிப் பார்ப்பார். வெடிப்பு உண்டா என்பதை ஆராய்வார். காந்தமுறைச் சோதனைக் கருவி இல்லாவிடத்துப் பழையமுறை ஒன்றுண்டு: தண்டினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணத்தூள் பூசி, மெல்லத் தட்டினால், வெடிப்பினுட் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து கோடாய்த் தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத நுண்வெடிப்பு இதில் தப்பக்கூடுமாதலின், கருவிச் சோதனை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது.

வேலை முடிந்தபின் நாம் நோக்கவேண்டியன மூன்று. கழுத்து முடியும் மூலை கூராக வெட்டுண்டிராது, ஆக்கியோர் விட்டவாறு வளைந்திருத்தல் வேண்டும். கூரிய மூலையிலேதான் தண்டு முறியும். ஒயிற் துளைகளின் வாய் மழுங்கியிருத்தல் வேண்டும்; கூராயின் அது ஓட்டினைச் சுரண்டும். துளைகளினுள்ளே சாணைத்தூள் சிறிதும் தங்கியிருத்தல் ஆகாது. அத்தூள் ஒயிலோடு சென்று புதிய ஓடுகளைச் சில நாழிகையில் அழிக்கவல்லது.

புதிய ஓடுகளை முன்னரே பெற்றுப் பட்டறைக்குக் கொடுத்தல் அறிவுடைமை. ஓட்டின் அளவிற்கேற்பவே கழுத்தினைத் தேய்க்கவேண்டும். தேய்த்தபின் ஓடு தேடித் திரிதல் பேதைமை. ஓடுகள் பொதுவாக அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்னும் படிகளிலேயே கிடைப்பன. பத்திற் சரியாவதை இருபதிற்குத் தேய்ப்பவர் வண்டியின் வாழ்நாளில் ஒரு படியைக் களவாடியவராவர். நாற்பதும் கடந்தால், உலோகம் ஏற்றி நிரப்பும் அருந்தொழிலைச் செய்விக்கவேண்டும். அன்றேல் வேறொரு கிராங்க் தேடவேண்டும். மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. கழற்றப்படும் பழைய எஞ்சின்களும் நாளுக்கு நாள் அருகி வருகின்றன.

பட்டறை வேலைக்கு எம்மவர் திறமை போதாதென எண்ணவேண்டியதில்லை. 1990களில் இந்நாட்டின் தென்பகுதியில் மைனர் வண்டிக்கான உடற்றகடுகள் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. தடையும் இருளும் சூழ்ந்த நாளில் எஞ்சினை ஓடவைத்த கைகள் எமது குடாநாட்டவரின் கைகளே. அத்தொழிலறிவு ஏட்டிலேறாது, அறிந்தாரோடு மறைந்துபோதலே எமக்குக் கவலை தருவது.

ஆகலின் மூவகையினரை வேண்டிக்கொள்கின்றோம். வண்டி உடையோர், ஒவ்வொரு கழுத்தின் இறுதி அளவையும் தேய்த்த ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வண்டியின் பத்திரங்களோடு வைத்திருப்பாராக. கடல்கடந்து வாழும் பழைய மாணவர், ஊருக்கு வருங்கால் பெட்டியின் ஒரு மூலையில் நண்பர் வண்டிக்கேற்ற பெயாரிங் ஓடுகளைக் கொண்டுவருவாராக. இயற்பியற் கூடத்தில் மைக்குரோமீற்றர் பிடிக்கப் பழகும் மாணவர், விடுமுறையிற் சில நாள்களேனும் முதிய தொழிலாளி ஒருவரின் பட்டறையில் நின்று, அவர் அளப்பதைக் கண்டும் கேட்டும் குறித்து வைப்பாராக. வகுப்பில் அவர்கள் கற்ற ஆயிரத்தில் ஒரு பங்கின் பெறுமதி அங்கேதான் முழுமையாய் விளங்கும்.