கணினி ஏன் திணறுகிறது?

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் நம் ஊர்களில் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: 'ஃபார்மட் போட்டுவிடலாம்'. வேலூர் மாவட்டம் அணைக்கட்டில் வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் பதியும் இ-சேவை மையமானாலும், ஆம்பூர், பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் ஜாப் ஒர்க் முறையில் ஷூ அப்பர் தைத்துத் தரும் சிறு கூடமானாலும் இந்த மருந்தில் மாற்றம் இல்லை. நோய் என்னவென்று பார்க்காமலேயே தரப்படுகிறது என்பதுதான் அதன் குறை. ஜிஎஸ்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதியன்று கணினி நின்றுபோனால் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கிவிடும். அந்த அவசரத்தில் வட்டை அழித்துவிட்டு, டேலி கணக்குக்கு நகல் இல்லையே என்று பிறகு கைபிசைவதில் பயனில்லை.

நம் வழக்கில் 'சி.பி.யு.' என்பது மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் குறிக்கிறது. உண்மையில் அது பெட்டிக்குள் விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும் பிராசசர் என்ற சிறு சில்லு மட்டுமே. அது நூறு சதவீதம் உழைப்பதே கோளாறு ஆகாது. பெரிய சம்பளப் பட்டியலைக் கணக்கிடும்போது அது முழு மூச்சாக வேலை செய்யத்தான் வேண்டும். யாரும் எதையும் செய்யாமல் கணினி சும்மா இருக்கும்போதும் அந்த எண் இறங்காமல் இருந்தால்தான் கேள்வி எழுகிறது.

கேள்விக்கு விடை தேட எந்தக் கருவியையும் வாங்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'சிபியு' என்ற தலைப்பின் மீது சொடுக்கினால், அதிகம் விழுங்கும் நிரல் முதல் வரிசைக்கு வந்துவிடும். பக்கத்திலேயே நினைவகத்துக்கும் வட்டுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். அவற்றையும் பார்க்க வேண்டும். நான்கு ஜிபி ரேமும் பழைய சுழல் வட்டும் கொண்ட கணினியில் பெரும்பாலும் நூறைத் தொட்டு நிற்பது வட்டுதான்; பழி பிராசசர் மீது விழுகிறது. அத்தகைய கணினிக்கு ஃபார்மட்டைவிட ஓர் எஸ்எஸ்டி வட்டு பலமடங்கு பயன் தரும்.

முதல் வரிசையில் விண்டோஸ் அப்டேட்டோ, 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயரோ தென்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. முன்னது கணினியைப் புதுப்பிக்கிறது, பின்னது வைரஸ் தேடுகிறது. கணினி ஓய்வாக இருக்கும் நேரத்தில் இந்த வேலைகளை முடித்துக்கொள்வதே அவற்றின் ஏற்பாடு. நாமோ கடை திறக்கும்போது கணினியைப் போட்டு, கடைசி ஆள் கிளம்பியதும் மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறோம். ஓய்வு நேரமே கிடைக்காததால் நிலுவை வேலைகள் எல்லாம் மறுநாள் காலையில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒன்றுகூடுகின்றன. வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் கணினியை அதன் போக்கில் விட்டுவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வெப்பம் இன்னொரு காரணம். சூடு எல்லை மீறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது சிறு வேலைக்கும் பயன்பாட்டு எண் எகிறும். டாஸ்க் மேனேஜரில் கிகாஹெர்ட்ஸ் அளவு மட்டும் வழக்கத்தைவிடத் தாழ்ந்து காணப்படும். வேலூரின் கத்திரி வெயில் நாம் அறிந்ததே. தோல் பஃபிங் செய்யும் இடத்தை ஒட்டிய அலுவலக அறை என்றால், மாவு போன்ற தோல்தூசு விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகட்டிலும் அப்பிக்கொள்ளும். பெட்டியைத் திறந்து தூசு தட்டி, பிராசசர் மீது புதுப் பசை தடவுவது சிறு செலவுதான்.

கவலைக்குரிய காரணம் வேறு. நம் கணினியின் உழைப்பை நமக்குத் தெரியாமல் வேறொருவர் திருடுவது. 2017 செப்டம்பரில் தொடங்கி 2019 மார்ச்சில் மூடப்பட்ட காயின்ஹைவ் என்ற சேவை, ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தவர்களின் பிராசசரைக் கொண்டு மொனேரோ என்ற மறையீட்டு நாணயத்தை ஈட்ட வழி செய்தது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் உள்பட 4,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களில் அந்த நிரல் ஊடுருவியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆந்திரத்தின் திருப்பதி மாநகராட்சி, மாசர்லா நகராட்சி இணையதளங்களிலும் இத்தகைய நிரல் இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வேலூரிலிருந்து சித்தூரைத் தாண்டினால் திருப்பதிதான். ஓர் அரசுப் பக்கத்தைப் பார்க்கப் போனவரின் மின்கட்டணத்தில் முகம் தெரியாத ஒருவர் காசு பார்த்திருக்கிறார்.

காயின்ஹைவ் போய்விட்டாலும் தொழில் போகவில்லை. மொனேரோ 2019 நவம்பரில் தன் கணக்கீட்டு முறையைச் சாதாரண பிராசசர்களுக்கே ஏற்றதாக மாற்றிக்கொண்டது. ஆகவே மேசைக் கணினி இன்றும் நல்ல இரைதான். அந்த நிரல்கள் நம் வீட்டுக்குள் வரும் வாசல்களில் முக்கியமானது, உரிமம் வாங்காத விண்டோஸை இயக்கித் தரும் 'ஆக்டிவேட்டர்' கோப்புகள். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவுங்கள் என்று அவை கேட்கும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேஎம்எஸ் பிகோ என்ற பெயரில் உலவிய போலிக் கோப்பு ஒன்று கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பாட் நிரலைச் சுமந்து வந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி நிறுவனம் வெளிப்படுத்தியது. ஊர் மக்களின் ஆதார் நகல்களும் வங்கிப் புத்தகப் பக்கங்களும் குவிந்திருக்கும் ஒரு கணினியில் இப்படிப்பட்ட கோப்பு நுழைந்தால், வேகக் குறைவு மிகச் சிறிய இழப்பு. உரிமத்தின் விலை சிறு தொழில் செய்வோருக்குப் பாரம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மக்களின் ஆவணங்களைக் கையாளும் மையங்களுக்கேனும் அதை உறுதி செய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளின் நிலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

திருட்டு நிரலைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். சில நிரல்கள் டாஸ்க் மேனேஜர் திறந்தவுடன் வேலையை நிறுத்திக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும். அதைத் திறந்ததும் விசிறியின் இரைச்சல் அடங்கி, மூடியதும் மீண்டும் எழுந்தால் அது ஓர் அறிகுறி. சில, விண்டோஸின் சொந்த நிரலான 'எஸ்விசிஹோஸ்ட்' பெயரைச் சூட்டிக்கொள்ளும். பெயர் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து கோப்பு இருக்கும் இடத்தைக் கேட்டால் குட்டு உடையும்: உண்மையானது விண்டோஸின் 'சிஸ்டம் 32' உறையில் இருக்கும், போலி பெரும்பாலும் 'ஆப்டேட்டா'விலோ 'டெம்ப்' உறையிலோ பதுங்கியிருக்கும்.

அப்படிப் பிடிபட்டால், அந்த ஓர் இடத்தில் ஃபார்மட் போடுவதே சரி. அதற்கு முன் கணக்குக் கோப்புகளையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்து, வைரஸ் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி கடவுச்சொற்களை வேறொரு நல்ல கணினியிலிருந்து மாற்ற வேண்டும். பிறகு, பழுது பார்க்க வருபவர் சட்டைப் பையிலிருந்து எடுப்பது சென்ற முறை கொண்டுவந்த அதே பென் டிரைவா என்று கேட்டுவிட வேண்டும்.