ஜேர்மனியில் படிக்க முன் ஒரு வருடப் படிப்பு

உயர்தரம் பாஸ் பண்ணிய பிள்ளையை ஜேர்மனிக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று எம்மிடம் கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம்.

ஜேர்மன் பிள்ளைகள் பள்ளி முடிவில் 'அபிட்டூர்' என்ற பரீட்சை எழுதியே பல்கலைக்கழகம் போகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் சான்றிதழ் அதற்குச் சமமில்லை என்று கண்டால், முதலில் 'ஸ்டுடியன்கொலெக்' என்னும் ஆயத்தக் கல்லூரியில் படிக்க வேண்டும். படிப்பு வழமையாக ஒரு வருடம். பொறியியலுக்கு 'டி' பிரிவு, மருத்துவத்துக்கு 'எம்', பொருளியலுக்கு 'டபிள்யூ'. பாடமெல்லாம் ஜேர்மன் மொழியில்தான். முடிவில் ஒரு பரீட்சை உண்டு. அதில் தவறினால் இன்னும் ஒரு தரம் மட்டுமே எழுதலாம்.

உள்ளே சேரவும் நுழைவுப் பரீட்சை இருக்கிறது. ஆகவே மொழி படிப்பதே முதல் வேலை. கொழும்பில் உள்ள கேத்தே நிறுவனம் வகுப்பும் பரீட்சையும் நடத்துகிறது.

அரசாங்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. தனியார் கல்லூரிகளில் உண்டு. சாப்பாடு, வாடகை நம் செலவு. அதற்குக் காசு இருக்கிறதென்று விசாவுக்குக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை வருடத்துக்கு 11,904 யூரோ என்று வைக்கப்பட்டது. விண்ணப்பிக்க முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சையைப் பிள்ளைதான் பாஸ் பண்ண வேண்டும். எந்த ஏஜென்சிக்காரரும் அதை வாங்கித் தர முடியாது. "காசு கட்டுங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் எமது அலுவலகத்துக்கு வாங்க. சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.