கினிக்கோழி முட்டையை ஏன் ஒளித்து வைக்கிறது?

கம்பங்களிலும் சிறு தோட்டங்களிலும் கூட்டமாகத் திரியும் கினிக்கோழிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். கருஞ்சாம்பல் உடல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். மொட்டைத் தலையில் கொம்பு போன்ற ஒரு மேடு. அந்நியர் யாராவது வந்தால் ஊரையே கூட்டிவிடும் சத்தம். அந்தப் புள்ளிகளை முத்துகளாகக் கண்டு, மலாய்மொழியில் இதை ஆயாம் முத்தியாரா என்கிறார்கள்.

இதை வளர்ப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் கேட்பீர்கள்: "முட்டை போடுது, ஆனா எங்கே போடுதுன்னுதான் தெரியலை." சில வாரங்கள் கழித்து ஒரு பெட்டைக்கோழி காணாமல் போகும். அது குஞ்சுகளோடு திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். பல நேரங்களில் புதருக்கு அருகே இறகுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். இது அந்தப் பறவையின் பிடிவாதமா? இல்லை. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

புல்வெளியில் பிறந்த பழக்கம்

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி நமது தென்கிழக்காசியக் காடுகளைச் சேர்ந்தது. மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைப் பழக்கி, பெட்டியிலும் கூடையிலும் முட்டையிடும் கோழிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தான். கினிக்கோழியின் தாயகம் வேறு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளே அதன் வீடு. நுமிடா மெலேயாகிரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கிரேக்கப் புராணத்தில் மெலேயாகர் என்ற வீரன் இறந்தபோது, அழுது புலம்பிய அவன் சகோதரிகள் இந்தப் பறவைகளாக மாறினார்கள் என்பது கதை. அவன் பெயரே இதற்கும் வந்தது. மனிதனோடு பழகிப் பல நூற்றாண்டுகள் ஆகியும், முட்டையிடும் விஷயத்தில் கினிக்கோழி இன்னும் காட்டுப் பறவையாகவே இருக்கிறது.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் மழை தொடங்கியதும் புல் உயர்ந்து வளரும், பூச்சிகள் பெருகும். மறைவிடமும் உணவும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் அது. அப்போது பெரிய கூட்டம் பிரிந்து இணை இணையாகத் திரியும். பெட்டை, உயர்ந்த புல்லின் அடியில் மண்ணைக் காலால் கீறி ஆழமில்லாத ஒரு குழி செய்யும். அதுதான் கூடு. இரவில் மரக்கிளையில் அடையும் பறவை, முட்டையை மட்டும் தரையில் இடுகிறது. ஆகவே, யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அதன் ஒரே பாதுகாப்பு.

காட்டில் ஒரு பெட்டை ஓர் ஈட்டில் பொதுவாக 6 முதல் 12 முட்டைகள் வரை இடும். வளர்ப்புப் பறவைகளோ ஒரே கூட்டில் 20, 30 என்று சேர்த்துவிடும். பல பெட்டைகள் ஒரே கூட்டில் முட்டையிடுவதும் உண்டு. முட்டை வீட்டுக்கோழியின் முட்டையைவிடச் சிறியது. ஏறத்தாழ 40 கிராம் எடை இருக்கும். ஒரு முனை நன்கு கூர்ந்திருக்கும். ஓடு தடிப்பானது, வெறுந்தரையில் உருண்டாலும் எளிதில் உடையாது.

எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிப்பது எப்படி?

நாளுக்கு ஒன்றாக 20 முட்டைகள் இட்டால், முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் 19 நாள் இடைவெளி இருக்கும். ஆனாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவரும். காரணம் வெப்பநிலை. கரு சீராக வளர ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈடு நிறைவதற்குமுன் பெட்டை அடை உட்காராது. அதுவரை கரு உறங்குவதுபோல் வளர்ச்சியின்றிக் காத்திருக்கும். பெட்டை உட்கார்ந்த பிறகுதான் எல்லாக் கருவுக்கும் ஒரே சமயத்தில் மணி அடிக்கிறது. அங்கிருந்து 26 முதல் 28 நாளில் குஞ்சு பொரிக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வெயில் படும் இடத்தில் முட்டை நாள் கணக்கில் கிடந்தால், கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துபோகும். சேர்த்து வைத்த முட்டைகளும் ஒரு வாரத்தைத் தாண்டினால் பொரிக்கும் திறனை இழந்துகொண்டே வரும். எனவே பெரிய ஈடு என்றால் நிறைய குஞ்சுகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கூட்டைக் கண்டுபிடியுங்கள்

முதலில் பெட்டையை அடையாளம் காணுங்கள். "பக்-வீட், பக்-வீட்" என்று இரட்டை ஒலியாகக் கத்துவது பெட்டை மட்டுமே. சேவலுக்கு ஒற்றை ஒலிதான். பெட்டை முட்டையிடும்போது சேவல் பெரும்பாலும் அருகில் காவல் நிற்கும். நண்பகலை ஒட்டி, லாலாங் புல்லுக்கோ செம்பனை அடியில் குவித்த மட்டைகளுக்கோ பக்கத்தில் ஒரு சேவல் தனியாக நின்றால், அங்கே தேடிப் பாருங்கள்.

கூடு கிடைத்ததும் முட்டைகளை மொத்தமாக அள்ளிவிடாதீர்கள். கூடு காலியானால் பெட்டை இடத்தை மாற்றிவிடும். நீங்கள் மறுபடியும் தேட வேண்டியதுதான். நான்கைந்து முட்டைகளில் பென்சிலால் குறியிட்டு அங்கேயே விடுங்கள். குறியில்லாத புதிய முட்டைகளைத் தினமும் எடுங்கள். பெட்டை பக்கத்தில் இல்லாத நேரத்தில் போவது நல்லது. தேடவே நேரமில்லை என்றால், பறவைகளை அடைப்பிலேயே வைத்திருந்து, நண்பகல் கடந்தபின் திறந்துவிடுங்கள். பெரும்பாலான முட்டைகள் உள்ளேயே கிடைக்கும்.

கானாவின் வழி

மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் வடபகுதிக் கிராமங்களில், கினிக்கோழி குடும்ப வருமானத்துக்கு முக்கியமானது. அங்குள்ளவர்கள் முட்டைகளை எடுத்து நாட்டுக்கோழியிடம் அடைக்கு வைக்கிறார்கள். நாட்டுக்கோழி வீட்டருகே, கூரையின்கீழ் உட்காரும். குஞ்சுகளையும் பொறுமையாக அழைத்துச் செல்லும். கினித் தாயோ ஈரப் புல்லில் வேகமாக நடக்கும். பிறந்த முதல் வாரங்களில் குஞ்சுகளால் உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. நனைந்தால் குளிரிலேயே மடியும். அடிக்கடி மழை பெய்யும் நம் நாட்டுக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். இரண்டு வகை முட்டைகளையும் ஒரே நாளில் வைத்தால், கோழிக்குஞ்சுகள் முதலில் வெளிவந்துவிடும். தாய் அவற்றோடு எழுந்து போய்விடும். கினிக் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறக்கும். ஆகவே கினிக்கோழி முட்டைகளை மட்டும் வையுங்கள். அல்லது அவற்றை 7 நாள் முன்னதாக வையுங்கள்.

அடையில் உட்கார்ந்துவிட்டால்?

ஏற்கனவே அடை உட்கார்ந்த பெட்டையைக் கண்டால் என்ன செய்வது? ஏறத்தாழ நான்கு வாரம் இரவும் பகலும் அது தரையில் இருக்கும். முசாங் எனப்படும் மரநாய்க்கும் மலைப்பாம்புக்கும் அதுவே வசதி. கூட்டைப் பெயர்த்து வேறிடம் வைத்தால் பெட்டை பெரும்பாலும் அடையைக் கைவிட்டுவிடும். எனவே பறவையை நகர்த்தாமல், கூட்டைச் சுற்றிச் சிறுகண் கம்பிவலை அடித்து, மேலேயும் மூடி, தீனியும் தண்ணீரும் உள்ளே வையுங்கள். வலையைக் கண்டு மிரண்டு அது எழுந்துவிட்டால், தாமதிக்காமல் முட்டைகளை அடைக்கோழிக்கோ பொரிப்பானுக்கோ மாற்றிவிடுங்கள்.

முட்டைகளை இன்னொரு முறை பெறலாம். நன்கு முட்டையிடும் ஒரு பெட்டையை இழந்தால், அடுத்த பெட்டை வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ ஏழு மாதம் காத்திருக்க வேண்டும்.