மீன்தொட்டிக்கு என்று சொல்லி வாங்குங்கள்

சென்னை கொளத்தூரில் கப்பி மீன் வளர்க்கும் தம்பி ஒருவர் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினார். பாடியோடு 18-55 லென்ஸ், கூடவே 70-300 லென்ஸ் என்று காம்போவாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார். 70-300 லென்ஸ் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆனது. 18-55 லென்ஸைக் கண்ணாடி அருகே கொண்டுபோனாலும் 3 செ.மீ. மீன் படத்தில் பாதியைக்கூட நிரப்பவில்லை. தொட்டி விளக்கில் படம் இருட்டாகவும் மங்கலாகவும் வந்தது. கடைக்குத் திரும்பினார். "கேமராவுல பழுது ஒண்ணும் இல்லையே சார், நீங்க கேட்டதைத்தானே கொடுத்தோம்" என்றார்கள்.

உண்மையில் அவர் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த மாடலின் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இன்ன வேலைக்காக இந்தப் பொருள் வேண்டும் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ரசீதில் எழுதாவிட்டாலும் இந்த நிபந்தனை அந்த வியாபாரத்துக்குள் அடங்கியிருப்பதாகவே சட்டம் பார்க்கும். அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. பிராண்டுப் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்ட பொருளைத்தான் கேட்டீர்கள் என்றால் இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. தம்பி மாட்டிக்கொண்டது இந்த விலக்கில்தான்.

அதனால் மாடலின் பெயரோடு கடைக்குப் போகாதீர்கள், தொட்டியின் அளவோடு போங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "என் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி ஆழம். 3 செ.மீ. மீன்களைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து படமெடுக்க வேண்டும். தொட்டிக்கு மேலே ஃப்ளாஷ் வைப்பேன். இதற்கு எந்த பாடி, எந்த லென்ஸ், ஃப்ளாஷை இயக்க எந்த டிரிகர்?" பதில் எழுத்தில் வரட்டும். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் காட்ட அந்தப் பதில் உதவும்.

வரும் பதில் சரியா என்று எடைபோட நமக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் நீந்தும் சின்ன மீனுக்கு மேக்ரோ லென்ஸ்தான் வேண்டும். 1:1 மேக்ரோ என்றால் பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும். கேனானின் சிறிய சென்சார் சுமார் 22 மி.மீ. அகலம். அதனால் நியான் டெட்ரா ஒன்று படச்சட்டத்தை முழுதாக நிரப்பும். பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து கணக்கிடப்படுவது, லென்ஸின் முன்முனையிலிருந்து அல்ல. இதைக் கடைக்காரர்கள்கூடக் குழப்பிக்கொள்கிறார்கள். நிக்கானின் 40 மி.மீ. மைக்ரோ மலிவானது, நல்ல லென்ஸ்தான். ஆனால் 1:1-க்குப் போகும்போது பொருள் அதன் மூக்கில் இடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், நடுவில் கண்ணாடியும் தண்ணீரும் நிற்கும்போது அது நடக்காது. கேனான் பாடிக்கு 60 மி.மீ. மேக்ரோ போதும். நிக்கானுக்கு 85, 90, 105 என்று கொஞ்சம் நீளமாகப் போவது நல்லது. பெரிய ஆஸ்கர், கோல்ட்ஃபிஷ் மட்டும் வளர்ப்பவருக்கு மேக்ரோவே தேவையில்லை. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் அழகான படம் வரும், அதற்கு மேல் செலவழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது என்று கூடுதல் விலை சொல்வார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், மீனின் ஓட்டத்தை நிறுத்தாது. மீனை உறைய வைப்பது ஃப்ளாஷ். மேக்ரோ தூரத்தில் கண்ணும் வாலும் சேர்ந்து தெளிவாக வர லென்ஸ் துளையை எஃப்/8, எஃப்/11 வரை மூட வேண்டியிருக்கும். தொட்டியின் எல்இடி விளக்கு அதற்குப் போதாது. கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷ் இருந்தால் அது கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். ஆகவே ஃப்ளாஷ் தொட்டிக்கு மேலே, கேமரா முன்னே, நடுவில் வயர்லெஸ் டிரிகர்.

பலர் ஏமாறும் இடம் இந்த டிரிகர்தான். கேனான் 200டி மார்க் 2 போன்ற சில பாடிகளில், ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடு முனையே கிடையாது. அந்த முனையை மட்டும் நம்பி வேலை செய்யும் சாதாரண டிரிகரும் மற்றக் கம்பெனி ஃப்ளாஷ்களும் அதில் இயங்காது. பெட்டிமேல் இதைப் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை. நிக்கான் டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 60 மி.மீ. ஏஎஃப்-டி மைக்ரோ லென்ஸை மலிவாக வாங்கி மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். உங்கள் தேவையைச் சொன்ன பிறகும் இதை மறைத்து விற்றிருந்தால் நீங்கள் தயங்காமல் கேள்வி கேட்கலாம். பொருளின் தரம், அளவு, விலை பற்றிய தகவலைப் பெறுவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

அடுத்தது ரசீது. "பில் வேண்டாம்னா விலை குறையும்" என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதை மிச்சப்படுத்துகிறேன் என்று அவர் சொல்லும்போது உங்கள் வாரண்டியும் வழக்கும் சேர்ந்தே போகின்றன. ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று சட்டம் சொல்கிறது. ரசீதில் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பாடியின் அடியில், பெட்டியில், வாரண்டி அட்டையில் மூன்றிலும் ஒரே எண்தானா என்று அங்கேயே நின்று பாருங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் அச்சிட்ட ஒட்டு இல்லாத பெட்டி, கள்ளவழியில் வந்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு "கடை வாரண்டி" என்பார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்தப் பேச்சு செல்லாது.

டிஎஸ்எல்ஆர் காலம் மெல்ல மிரர்லெஸ் பக்கம் நகர்வதால் பழைய பாடியும் லென்ஸும் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. மீன்தொட்டிக்கு அவை தாராளமாகப் போதும் என்பதே என் எண்ணம். ஆனால் கையில் டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்காதீர்கள். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச்சைக் காட்டி மறுபக்கம் பாருங்கள், சிலந்தி நூல் போல ஓடினால் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரமும், தொட்டி இருக்கும் அறையின் ஈரமும் சேர்ந்தால் நல்ல லென்ஸிலும் அது வரும், கம்பெனி வாரண்டி பொதுவாக இதை ஏற்காது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதுதான் வழி. சோதித்துப் பார்த்து வாங்கினால், பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னால் சொல்லிப் பயனில்லை, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எனவே நிதானமாகப் பாருங்கள். நிக்கான் படத்தின் விவரத் தரவிலேயே ஷட்டர் எண்ணிக்கை தெரியும். கேனானில் பெரும்பாலும் அது படத்தில் பதிவாகாது, தனி மென்பொருள் வேண்டும். இன்னொன்று: விற்பவர் வியாபாரி அல்லாத தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது, சிவில் நீதிமன்றம்தான். ஆன்லைனில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க அதுதான் வழி.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. பேட்டரி ஃப்ளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டைத் தேக்கி வைக்கும். வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்கைத் திறந்த தொட்டிமேல் சாய்த்து வைப்பது இன்னும் மோசம். ஃப்ளாஷைக் கயிற்றால் கட்டி, கண்ணாடி மூடியின்மேல் மட்டுமே வையுங்கள். வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றின் டிரிகர் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கும் மேல், அது இன்றைய பாடிகள் சிலவற்றை எரித்துவிடக்கூடும். மீனுக்கு இமை கிடையாது. இருட்டிலிருந்த தொட்டியில் சட்டென்று ஃப்ளாஷ் அடித்தால் மிரண்டு மூடியில் மோதும். அறை விளக்கைப் போட்டுச் சிறிது நேரம் விட்டு எடுங்கள்.

புகார் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. தொட்டிப் படம் மங்கலாக வந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் விளிம்பில் நிறம் பிரியும், கூர்மை போகும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை முக்காலியில் வைத்து எடுத்துப் பாருங்கள். எழுத்து ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல் என்றால் லென்ஸில்தான் குறை. அந்தப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய வாரத்திலேயே செய்வது நல்லது.

பிறகு கடைக்கு எழுத்தில் புகார். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது பொருந்தாது. ரசீதில் காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிகமே. இணையக் கடையானால் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் முடியும். காலக்கெடு 2 வருடம். லென்ஸை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

"நீ மீன் விக்கிறவன், இது வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் இல்லை" என்று தம்பியிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரிதான். ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. வீட்டு மாடியில் பத்துத் தொட்டி வைத்து, கப்பிப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு விற்கும் அவருக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.